மறு: டிப்ளீட்டட் யுரேனியம் – "சக்கை" என்றால் என்ன குறை?

> "தீர்ந்த யுரேனியம்" என்றே வைத்துவிடலாமே, எளிமையாக இருக்கிறது.

ஐயா, டிப்ளீட்டட் யுரேனியத்துக்குத் தமிழ்ப் பேராக அது எளிமைதான், ஆனால் தீர்ந்தது எது? மண்ணிலிருந்து எடுக்கும் யுரேனியத்தில் 235 என்கிற வகை 0.72 விழுக்காடுதான், மீதி ஏறக்குறைய எல்லாமே 238. அந்த 235-ஐ ஒரு பக்கமாகச் சேர்த்தால் செறிவூட்டிய யுரேனியம்; மறுபக்கம் 0.2, 0.3 விழுக்காட்டோடு தங்கிவிடுகிறதே, அதற்குத்தான் நாம் பேர் தேடுகிறோம். அதில் கதிர்வீச்சு தீரவில்லை. 238-இன் அரை ஆயுள் சுமார் 447 கோடி ஆண்டு, எப்போது தீரும், யார் பார்ப்பது?

இதை நான் வம்புக்குச் சொல்லவில்லை. ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் வெல்டிங் மூட்டுகளைக் கதிர்ப்படம் எடுக்கும் வேலையில் இருந்தவன். படமெடுக்கக் கதிர் வீசும் இரிடியத்தை வைக்கும் பெட்டிக்குக் கேமரா என்று பேர், அதன் கதிரைத் தடுக்கும் உள்கவசம் இந்த உலோகம்தான். ஈயம் தண்ணீரைப்போல 11 மடங்கு கனம், இது 19 மடங்கு. அரை லிட்டர் பால் பாக்கெட் அளவுக்கு ஒரு கட்டி இருந்தால் ஒன்பதரைக் கிலோ. புதுப்பையன்கள் டிபன் கேரியர் என்று நினைத்து ஒரு கையில் தூக்கப்போய்த் தோளைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். ஒருமுறை இரிடியத்தை எடுத்த பிறகு யாரோ அந்தப் பெட்டியில் "காலி" என்று எழுதி ஒட்ட, அது பழைய இரும்போடு எடைக்குப் போக இருந்தது. கதிர்வீச்சு மீட்டரை ஒட்டி வைத்தேன், முள் லேசாக அசைந்தது. கவசமே கதிரியக்கப் பொருள் ஐயா, காலிப் பெட்டியானாலும் கணக்கில் இருக்க வேண்டும். "தீர்ந்த" என்று எழுதினால் இதே கதைதான்.

"வறிய யுரேனியம்" காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் தரம் குறைந்த தாதுவுக்குத்தான் அது பொருந்தும். இங்கே இருந்ததை எடுத்திருக்கிறார்கள்.

அதனால் என் ஓட்டு "சக்கை யுரேனியம்". அணைக்கட்டுப் பக்கம் வெல்லம் காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். சாறு ஒரு பக்கம் கொப்பரைக்குப் போகும், சக்கை மறுபக்கம் விழும், அதை வெயிலில் காயப்போட்டு அதே கொப்பரை அடுப்பில் தள்ளுவார்கள். கல்பாக்கத்து ஈனுலையிலும் (எரிந்துகொண்டே புது எரிபொருளை ஈனும் அணு உலை) கிட்டத்தட்ட அதே ஏற்பாடுதான்: எரிபொருளைச் சுற்றிப் போர்வை மாதிரி இந்தச் சக்கையை வைக்கிறார்கள், 238 நியூட்ரானை வாங்கிக்கொண்டு கடைசியில் புளூட்டோனியமாகிறது, அது மறுபடி எரிபொருள். இவ்வளவையும் ஒரே சொல் தாங்குகிறதே!

> சக்கை என்றால் உலையில் எரிந்து முடிந்ததைத்தானே நினைப்பார்கள்? அப்புறம், "சக்கைப்போடு" வேறு இருக்கிறது :)

அம்மா, உலையில் எரிந்து வருவது சாம்பல். சக்கை இன்னும் அடுப்பையே பார்க்காதது. அந்த வேறுபாட்டுக்காகவே எனக்கு இந்தச் சொல் பிடிக்கிறது, எரிந்ததற்கு "எரிந்த எரிபொருள்" இருக்கட்டும். சக்கைப்போடு பற்றி எனக்கும் சிரிப்புத்தான், ஆனால் பீரங்கிக் குண்டின் நடுத்தண்டாக இதை வைத்துக் கவச வண்டியைத் துளைக்கிறார்கள், நுனி மழுங்காமல் உதிர்ந்து உதிர்ந்து கூராகிக்கொண்டே போகும், பொடி காற்றில் தானே தீப்பிடிக்கும். அந்தப் பொடி மூச்சில் போனால் பிறகு சிறுநீரகத்துக்குக் கேடு. அங்கே அந்தச் சொல்லைக் கேட்டால் சிரிப்பு வராது.

சொல் கொச்சையாக இருக்கிறது என்ற புலவர் ஐயாவின் வருத்தம் புரிகிறது. பாடநூலுக்கு வேண்டுமானால் "செறிவிறக்கிய யுரேனியம்" என்று போட்டு, அடைப்பில் சக்கை என்று எழுதலாம். எனக்குச் சம்மதம், அரை மனதோடு.

இன்னொன்று பாக்கி. சக்கையில் மிஞ்சும் 235-இன் அளவுக்கு என்ன சொல்வது? "மிச்சச் சாறு" என்று எழுதிப் பார்த்தேன், விளையாட்டாக இருக்கிறது. ஆனால் அது கூடுதலாக இருந்தால் சக்கையை மறுபடி செறிவூட்டலுக்கே விட்டிருக்கிறார்கள், ஆகவே ஒரு சொல் கட்டாயம் வேண்டும். "எச்சச் செறிவு" சரிவருமா?

– வாலாஜாவிலிருந்து