செல்வம் சித்தப்பாவுக்கு பிளேட்லெட் வேணும்

பிரபு: அவசரம். செல்வம் சித்தப்பாவுக்கு ஓ பாசிட்டிவ் பிளேட்லெட், ரெண்டு டோனர். ராத்திரிக்குள்ள. கோரிமேடு ஆஸ்பத்திரி.

மணி: டெங்குவா?

பிரபு: டெங்கு இல்ல. 12 நாளா காய்ச்சல் விடல. நேத்துலேர்ந்து ஆளு அடையாளம் தெரியல, காலைல ஃபிட்ஸ். ஹெச்.எல்.ஹெச்.னு ஒரு நோய் சொல்றாங்க.

வள்ளி அத்தை: ஆளு தெரியலன்னா காத்து கருப்பு. மந்திரிச்சு கயிறு கட்டுங்க.

கவிதா: அத்தை, கயிறு கட்டுங்க, ஆனா ஆளை அங்கேருந்து நகர்த்தாதீங்க. கிருமியை அடிக்கிற அணுக்கள் வேலை முடிஞ்சதும் அடங்கணும். இந்த ஹெச்.எல்.ஹெச்.ல அடங்காம நம்ம ரத்த அணுவையே முழுங்குது. எட்டு அடையாளத்துல அஞ்சு இருந்தா இந்த நோய்னு எடுத்துக்குவாங்க. சித்தப்பாவுக்கு காய்ச்சல், மண்ணீரல் வீக்கம், ரத்தக் கொழுப்பு ட்ரைகிளிசரைடு 410, இரும்புச் சத்தைச் சேத்து வைக்கிற ஃபெரிட்டின் 14,000னு ஏறியிருக்கு, அப்புறம் ஹீமோகுளோபின் 8.1, பிளேட்லெட் 28,000னு குறைஞ்சது ரெண்டும் சேர்த்து ஒண்ணு. அஞ்சு ஆச்சு. அந்த அழற்சி மூளைக்கும் போகும். குழப்பம், ஃபிட்ஸ், தள்ளாட்டம் எல்லாம் அதனாலதான். எம்.ஆர்.ஐ. நல்லா இருந்தாலும் மூளையில இல்லன்னு சொல்லிட முடியாது. அதான் முதுகுத் தண்ணி எடுக்கணும்ங்கறாங்க.

சுமதி சித்தி: முதுகுல ஊசி போட்டா கால் விளங்காதாம். கையெழுத்து போட பயமா இருக்கு கவி

கவிதா: சித்தி, தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிஞ்சிடும். ஊசி அதுக்குக் கீழதான் போகும். ரத்தத்தை உறைய வைக்கிறது பிளேட்லெட்தான், அது கம்மியா இருக்கறதால பயம் ரத்தக்கசிவுக்குத்தான். பிளேட்லெட் 50,000க்கு மேல ஏத்திட்டு எடுப்பாங்க, டோனர் கேக்கறது அதுக்குத்தான்.

மணி: அப்ப ஞாயித்துக்கிழமை காதுகுத்து?

வள்ளி அத்தை: மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சே

பிரபு: இப்ப அதுவா?

பிரபு: சித்திக்கு தைரியம் இல்லன்னா பெரியப்பா கையெழுத்து போடலாம்

ராமலிங்கம் பெரியப்பா: பொண்டாட்டி இருக்கும்போது நான் எதுக்கு? பண்ருட்டித் தோப்புல கை வைக்காதேன்னு சொன்னேன். கேட்டானா? மூணு வாரம் முன்னாடி தனியா போயி புதர் வெட்டினான்.

கவிதா: பெரியப்பா, புதர் வெட்டினாரா? டாக்டர்கிட்ட யாராவது சொன்னீங்களா? புதர்ல இருக்கிற குட்டிப் பூச்சி கடிச்சு வர்ற ஸ்க்ரப் டைஃபஸ் நம்ம பக்கம் நிறைய. கடிச்சு 6லேருந்து 21 நாளுக்குள்ள காய்ச்சல் வரும். அதுவே ஹெச்.எல்.ஹெச்.சைக் கிளப்பிவிடலாம். சித்தி, அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு பாருங்க. சிகரெட்டால சுட்ட மாதிரி கருப்புப் பொருக்கு. வலிக்காது, அரிக்காது.

சுமதி சித்தி: அரைஞாண் கயித்துக்கு அடியில ஒண்ணு இருக்கு. கயிறு உரசினதுன்னு விட்டுட்டேன்

கவிதா: டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டு இப்பவே காட்டுங்க. அதுவா இருந்தா டாக்ஸிசைக்ளின்ங்கற ஆன்டிபயாடிக் 100 மி.கி. காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு. சிலருக்கு அதுலயே அடங்கிடும், எட்டோபோசைடுங்கற கீமோ வேண்டியிருக்காது. மூளை பாதிச்சிருக்கறதால டெக்ஸாமெத்தசோன்ங்கற ஸ்டீராய்டு வேணுமான்னு அவங்க முடிவு பண்ணுவாங்க. பிரட்னிசலோன்ங்கற ஸ்டீராய்டை விட அது மூளைக்குள்ள நல்லா போகும். ஆரம்பிச்சா சர்க்கரையும் பி.பி.யும் ஏறும். பி.பி. எகிறினாலே ஃபிட்ஸ் வரும், கண்ணு மங்கும். வீட்டுக்கு வந்தப்புறம் "சர்க்கரை ஏறுது"ன்னு நீங்களா மாத்திரையை நிறுத்தக் கூடாது. அவங்க சொல்றபடி படிப்படியாத்தான் குறைக்கணும்.

பிரபு: டோனர்?

மணி: நான் வரேன். காலைல தலைவலிக்கு டிஸ்பிரின் போட்டேன், பரவால்லயா?

கவிதா: டிஸ்பிரின் ஆஸ்பிரின்தான். 3 நாளைக்கு ஆகாது, பிளேட்லெட் வேலை செய்யாது. வர்றவங்க 50 கிலோவுக்கு மேல இருக்கணும், ஹீமோகுளோபின் 12.5 வேணும், முழங்கை மடிப்புல நரம்பு நல்லா தெரியணும். வெறும் வயித்துல வராதீங்க. மெஷின்ல பிளேட்லெட்டை மட்டும் பிரிச்சு எடுக்க ஒண்ணு, ஒன்றரை மணி நேரம் ஆகும்.

வள்ளி அத்தை: ஏம்மா, பாடலீஸ்வரருக்கு ஒரு அர்ச்சனை போடட்டுமா?

சுமதி சித்தி: போடுங்கண்ணி

ராமலிங்கம் பெரியப்பா: கதிருக்கு ஓ பாசிட்டிவ்தான். சாப்பிட்டுட்டு இருக்கான். நானும் அவன் வண்டியில வரேன். எந்த கேட்டுன்னு போடு.

பிரபு: லொகேஷன் அனுப்பறேன் பெரியப்பா

சுமதி சித்தி: டாக்டர் வந்து பொருக்கைப் பாத்தாரு. ரத்தம் எடுத்துட்டுப் போறாங்க. கையெழுத்து ராமலிங்கம் மாமா வந்தப்புறம் போடறேன்

கவிதா: சித்தி, டாக்டர் இப்பவே கேட்டா காத்திருக்காம போட்டுடுங்க

பிரபு: இன்னொரு டோனர்??