பேராயர் அசரியா பற்றிய பழைய தமிழ்ப் பதிவுகள் யாரிடமாவது உண்டா?

அனைவருக்கும் வணக்கம். பாட்டியின் ஜெபப் புத்தகத்துக்குள் ஒரு பழைய படம் கிடைத்தது. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருக்கிறது. பின்னால் பென்சிலில் 'தோர்ணக்கல் அத்தியட்சர் ஐயா' என்று எழுதியிருக்கிறது. அத்தியட்சர் என்றால் பேராயர்; தோர்ணக்கல் அவர் பேராயராக இருந்த தெலுங்கு நாட்டு ஊர். வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியாதான் அவர். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா செயின்ட் பால் பேராலயத்தில் அபிஷேகம் பெற்று, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானவர். அதற்கு 35 வருடம் முன்பு, 1877இல், அதே கல்கத்தாவில்தான் திருநெல்வேலியில் ஊழியம் செய்த மிஷனரிகளான கால்டுவெல்லும் சார்ஜென்ட்டும் பேராயர்களாக அபிஷேகம் பெற்றார்கள். ஆனால் இருவருமே வெள்ளைக்காரர்கள். நம் ஊர் மனிதர் அந்த இடத்துக்கு வந்த செய்தியைக் கேட்டுத் திருநெல்வேலிச் சபைகள் என்ன சொல்லின என்பதை அந்தக் காலத் தமிழிலேயே படிக்க ரொம்ப ஆசை. 1912, 1913 திருமண்டலப் (பேராயரின் ஆளுகைக்கு உட்பட்ட சபைகளின்) பத்திரிகையோ, சபைப் பதிவேடோ, வீட்டுக் கடிதமோ யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். பாளையங்கோட்டைப் பக்கம் என்றால் நானே நேரில் வந்து பார்த்துக்கொள்கிறேன். அப்புறம், இந்தப் படத்தை மேலும் கெடாமல் எப்படி வைப்பது?