குத்தகையா, இரவலா, தவணையா?

கோத்தகிரி ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை பதினோராம் வகுப்புக்கு லேப், அதன் கைப்பிரதிக்கு 'லீஸ்' என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும். பழைய கணினிகளில் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம் போட்டிருக்கிறோம். ஆர்சி.கான்ஃப் என்ற அமைப்புக் கோப்பில் நெட்வொர்க் அட்டைக்கு நேராக டிஎச்சிபி (கணினிக்கு நெட்வொர்க் முகவரி தரும் முறை) என்று ஒரு வரி எழுதினால் முகவரி தானாக வந்துவிடும், அதில் சிரமமில்லை. அந்த முகவரி கெடு வைத்துத்தான் கிடைக்கும், அதுதான் லீஸ். அப்புறம், முகவரி கேட்டு வாங்கும் டிஎச்கிளையன்ட் நிரல் எழுதிவைக்கும் லீஸ் கோப்பைத் திறந்தால்தான் சிக்கல். உள்ளே ரினியூ, ரீபைண்டு, எக்ஸ்பயர் என்று மூன்று நேரங்கள். 24 மணி நேர லீஸ் என்றால் வழக்கமாக 12-ஆம் மணியில், முகவரி தந்த வழங்கியையே (சர்வரையே) கேட்கும். பதில் இல்லையென்றால் 21-ஆம் மணியில், யார் தந்தாலும் சரி என்று பொதுவில் கூவும். 24 ஆனதும் முகவரியை விட்டுவிட வேண்டும். லீஸுக்குக் 'குத்தகை' என்று எழுதலாமா? கைப்பிரதி வியாழன் மாலை ஜெராக்ஸுக்குப் போகிறது.

கூடலூர்:
டீச்சர், குத்தகை வேண்டாம். 1969-இல் ஜன்மம் (பரம்பரை நிலவுடைமை) எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்த ஊர் இது. அந்தச் சொல்லைக் கேட்டால் எங்கள் பிள்ளைகளுக்குப் பட்டா இல்லாத வீட்டுக் கதைதான் நினைவுக்கு வரும். 'இரவல்' போடுங்கள். நூலகப் புத்தகம் மாதிரி, கெடு முடியுமுன் போய்ப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

குன்னூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
இரவல் அருமை. ஆனால் 'இர' என்ற அடியைத் தொட்டால் தொல்காப்பியத்தை விட முடியாது. இழிந்தோன் ஈ என்பான், ஒப்போன் தா என்பான், உயர்ந்தோன் கொடு என்பான். முகவரியே இல்லாமல் 0.0.0.0 என்று நின்று கேட்கும் கணினியைவிட இழிந்தோன் யார்? ஆகவே முதல் கேட்பு 'ஈயென்றல்'. புதுப்பிக்கும்போது கையில் முகவரி இருக்கிறது, ஒப்போன் ஆகிவிட்டான், அது 'தாவென்றல்'. வழங்கி மறுத்து அனுப்பும் நாக் செய்திக்குப் புறநானூறே சொல் தருகிறது: 'ஈயேன் என்றல்'. அது அதனினும் இழிந்தன்று!

உதகை, நெட்வொர்க் வேலை:
ஐயா, ரசித்தேன். ஆனால் வகுப்பில் 'ஈ' என்றால் பசங்க கொசு எங்கே என்பார்கள். பேசாமல் லீஸ் என்றே விடுங்கள்.

கூடலூர்:
லீசுக்கு வீடு என்றால் மொத்தமாக ஒரு தொகை கொடுத்து, மாத வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது அதைத் திரும்ப வாங்குவது. இங்கே என்ன தொகை?

கொடைக்கானல்:
தவணை? கெடு அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. 'தவணை முடிந்தது' என்றால் பாட்டிக்கும் புரியும்.

உதகை:
டிஎச்சிபிக்கான விதி ஆவணம் ஆர்எஃப்சி 2131 முடிவில்லாத லீஸையும் அனுமதிக்கிறது. முடிவில்லாத தவணை என்றால் அது வீட்டுக்கடன்.

குன்னூர்:
போகிறபோக்கில் ஒன்று. 'வழங்கி' சரியா, 'சேவையகம்' சரியா? முன்பே கேட்டேன், யாரும் பதில் சொல்லவில்லை.

கோத்தகிரி ஆசிரியை:
ஐயா, அதை இன்னொரு இழையில் பேசுவோமா? மழையில் இங்கே கரண்ட் போய் வருகிறது. தனி மடல்களையும் சேர்த்தால் தவணைப் பக்கம்தான் ஆள் அதிகம். 'முகவரித் தவணை' என்று அடித்துவிட்டேன். எக்ஸ்பயருக்குத் 'தவணை முடிவு', ரினியூவுக்குப் 'புதுப்பிப்பு'.

கூடலூர்:
தவணையைக் கட்டுவார்கள், யாரும் புதுப்பிப்பதில்லை. என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்.

குன்னூர்:
எனக்கும் உடன்பாடில்லை. ரீபைண்டுக்கு என்ன போட்டீர்கள், அம்மா?

கோத்தகிரி ஆசிரியை:
ரீபைண்டு என்றே இருக்கிறது, ஐயா. நாளை நான்கு மணிக்குள் சொன்னால் மாற்றலாம்.