பாட்டு கிளாஸுக்கு வாய்ஸ் ரெக்கார்டர் வாங்கலாமா, போனே போதுமா?

கமலாமனோகரி:
ஸ்ரீரங்கத்துல ஒரு மாமிகிட்ட பாட்டு கத்துக்கறேன். சனிக்கிழமை காலைல கரூர்லேர்ந்து பஸ். இத்தனை நாள் போன்லதான் பதிவு பண்ணிட்டிருந்தேன். போன வாரம் சரணம் நடுவுல ஒரு லோன் விக்கிற கால் வந்து பதிவு நின்னுபோச்சு, நான் கவனிக்கல. அதுக்கப்புறம் வந்த சிட்டைஸ்வரம் (பாட்டோட சேர்ந்து வர்ற ஸ்வரக் கோர்வை) எதுவும் கிடைக்கல. மாமிக்கும் கிளாஸ்ல போன் இருந்தா பிடிக்கறதில்ல. ஐயாயிரம், ஆறாயிரம் போட்டு தனியா ஒரு ரெக்கார்டர் வாங்கறது வேஸ்டா? யூஸ் பண்றவங்க சொல்லுங்க.

ரெண்டாம்காலம்:
ஃப்ளைட் மோட்ல போடுங்க, கால் வராது. காசு மிச்சம்.

மேலச்சித்திரை:
ஃப்ளைட் மோட்ல கால் பிரச்சினை தீரும், ஒத்துக்கறேன். ஆனா போன் பதிவுல இன்னொரு தொல்லை இருக்கு. மாமி ஒரு வரி பாடி நிறுத்துற இடத்துல ஹெட்போன் போட்டுக் கேளுங்க. ஸ்ருதிப் பெட்டி (பின்னாடி விடாம ஸ்ருதி போடற பெட்டி) சத்தம் மெல்ல மெல்ல ஏறும். அவங்க அடுத்த வரி எடுத்ததும் பொசுக்குன்னு அடங்கிடும். பேச்சு தெளிவா கேக்கணும்னு போன் தானா சத்தத்தை ஏத்தி இறக்குறதுதான் காரணம். பேட்டி எடுக்கறவங்களுக்கு அது வரம். நமக்கு, மாமி எங்க அழுத்தினாங்க எங்க குழைச்சாங்கங்கற வித்தியாசமே தெரியாம போயிடும்.

நான் வச்சிருக்கறது ஜூம் எச்1என்னு ஒரு ரெக்கார்டர். முகப்புலயே பெரிய திருகு ஒண்ணு இருக்கும், அதுதான் லெவல், அதாவது பதியற சத்தத்தோட அளவு. தானா ஏத்தி இறக்கற ஆட்டோ லெவலை அணைச்சிட்டு, மாமியை மேல் ஸ்தாயில ஒரு வரி பாடச் சொல்லுங்க. மீட்டர் மைனஸ் 12 டெசிபல் கிட்ட நிக்கற மாதிரி வச்சிட்டு அப்புறம் தொடவே தொடாதீங்க. லோ கட்னு ஒண்ணு இருக்கும், அடி சத்தத்தை வெட்டறது. ஃபேன் இரைச்சல் குறையுமேன்னு போட்டுடாதீங்க, மிருதங்கம் வாசிச்சா தொப்பிப் பக்கம் (இடது கைல வாசிக்கற கனத்த சத்தம்) காணாமப் போயிடும். ஃபேனுக்கு நேரா வைக்காம இருந்தாலே பாதி சரியாகும். குரல் கேட்டா மட்டும் பதியற வசதியும் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு தடவையும் முதல் எழுத்தை முழுங்கிட்டுதான் ஆரம்பிக்கும்.

பட்ஜெட் இடிச்சா சோனி பிஎக்ஸ்470 பாருங்க. உள்ளேயே 4 ஜிபி மெமரி, யுஎஸ்பி முனை உடம்புலேர்ந்தே நீளும், ஒயர் தேட வேண்டாம். எம்பி3ல (சுருக்கின ஃபைல்) 128 கேபிபிஎஸ் வச்சா ஒரு மணி நேரத்துக்கு 58 எம்பி கிட்டத்தான் ஆகும், ஐம்பது மணி நேரத்துக்கு மேல கொள்ளும். வேவ்னா (சுருக்காத ஃபைல்) மணிக்கு 630 எம்பி கிட்ட. கிளாஸுக்கு எம்பி3 தாராளம்.

எனக்கு ரெக்கார்டர்ல ரொம்பப் பிடிச்சது பதியறதை விட திரும்பக் கேக்கறதுதான். ஒரு சங்கதியோட (ஒரே வரியை மாத்தி மாத்திப் பாடறதுல ஒண்ணு) ஆரம்பத்துலயும் முடிவுலயும் குறி வச்சா அந்தத் துண்டு மட்டும் சுத்திச் சுத்தி வரும். வேகத்தைக் குறைச்சாலும் ஸ்ருதி இறங்காது. கேசட் காலத்துல மெதுவா ஓட்டினா ஒண்ணரைக் கட்டை ஸ்ருதி ஒரு கட்டைக்கும் கீழ போயிடும், கூடப் பாட முடியாது. ஆனா ரொம்பவும் குறைச்சீங்கன்னா கமகம் (ஸ்வரத்தை அசைச்சுப் பாடறது) பொடிப்பொடியா உதிரும். முக்கால் வேகத்தோட நிறுத்திக்கோங்க.

தவுல்காரன்:
மேலே சொன்னதுல ஒரு விஷயம் விட்டுப்போச்சு. ரெக்கார்டரைத் தரையில வெறுமனே வைக்காதீங்க, ஸ்ருதிப் பெட்டி மேலயும் வைக்காதீங்க. அதிர்வு மொத்தமும் ஏறும். துண்டை நாலா மடிச்சு அது மேல வைங்க. எச்1என் உடம்பு லேசான பிளாஸ்டிக், கையில பிடிச்சாலே கரகரன்னு கேக்கும். எங்க நாகஸ்வரம் செட்டுக்கு மைனஸ் 12 எல்லாம் பத்தாது, இன்னும் இறக்கி வச்சாத்தான் சத்தம் கிழியாது.

கமலாமனோகரி:
ரொம்ப நன்றி. ஆட்டோ லெவல் விஷயம் இப்பத்தான் போட்டுக் கேட்டேன், அப்படியே இருக்கு! ரெண்டு சந்தேகம். நடுவுல செல் தீர்ந்துபோனா பதிவு போயிடுமா? சார்ஜ் பண்ற செல் போடலாமா?

மேலச்சித்திரை:
செல் தீரப்போறது தெரிஞ்சா அதுவே ஃபைலை மூடி சேமிச்சிட்டுத்தான் அணையும். பதிவு ஓடும்போது மூடியைத் திறந்து செல்லை உருவினாத்தான் ஆபத்து. ஃபைல் முடிக்கப்படாம நின்னுடும், வேவ்னா திறக்கவே மாட்டேங்கும். நீங்க பஸ்ல போறவங்க, பையில அமுங்கி தானா ஓடாம இருக்க ஹோல்டு (பட்டன் பூட்டு) போட்டு வைங்க.

சார்ஜ் செல் தாராளமா போடலாம். ரெண்டு ரிமோட் செல் சைஸ்தான். மெனுல செல் வகையை மட்டும் மாத்துங்க. சாதா அல்கலைன் 1.5 வோல்ட், சார்ஜ் செல் 1.2 வோல்ட். மாத்தலைன்னா புதுசா சார்ஜ் போட்டதையே பாதி தீர்ந்ததா காட்டும். லீவு விட்டா செல்லைக் கழட்டி வைங்க, கசிஞ்சா உள்ள இருக்கற தகடு பச்சை பூத்துடும். கழட்டி வச்சா கடிகாரம் பழைய தேதிக்குப் போயிடும், அதனால கிளாஸ் ஆரம்பிக்கும்போது தேதியையும் ராகத்தையும் வாயால ஒரு தடவை சொல்லிட்டு பதிவு பண்ணுங்க. வாங்கறதுக்கு முன்னாடி மாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. சில பேருக்கு போன் மட்டுமில்ல, எந்தப் பெட்டியுமே ஆகாது.