பத்திரிகைப் பதிவு: விண்ணப்பம் பல மாதமாக நிலுவையில். எத்தனை நாள் ஆகும்?

தாழைமடல்:
அவசரம். பத்திரிகை தொடங்க இணையத்தில் விண்ணப்பித்துப் பல மாதங்கள் ஆகிவிட்டன. உள்ளே போய்ப் பார்த்தால் ‘நிலுவை’ என்ற ஒரே சொல்தான் நிற்கிறது. கலெக்டர் அலுவலகத்தில் கேட்டால், “எங்களிடம் இன்னும் வரவில்லை” என்று அனுப்பிவிடுகிறார்கள். தைப் பொங்கலுக்கு முதல் இதழ் என்று சொல்லிச் சந்தா வாங்கியாகிவிட்டது. பொதுவாக எத்தனை நாள் ஆகும்? செய்தவர்கள் சொல்லுங்கள்.

பொருநைக்கரை:
வார இதழா, மாத இதழா? எந்த மாதம் விண்ணப்பித்தீர்கள்? சொந்த அச்சகமா, வெளி அச்சகமா? உரிமையாளரும் வெளியீட்டாளரும் நீங்கள் ஒருவரேயா? என்ன பெயர் கேட்டிருக்கிறீர்கள்? இவை தெரியாமல் நாள் கணக்குச் சொல்ல முடியாது.

கோமதி:
எங்கள் சிறுவர் இதழுக்குக் காவல் நிலைய விசாரணையில்தான் தாமதம் ஆனது. விசாரிக்க வந்தவர் வீட்டில் ஆள் இல்லை என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். காவல் நிலையத்தில் போய்க் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

ஈயஎழுத்து:
கேட்பதற்கு முன் சட்டத்தைப் படிக்கும் வழக்கம் எப்போது வரும் என்று தெரியவில்லை. மொத்தமே சில பக்கங்கள்தான். 1867-ஆம் ஆண்டுச் சட்டம் போய், 2023-இல் இயற்றிய பத்திரிகைகள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முன்பு முதலில் தலைப்புக்கு ஒப்புதல் வாங்க வேண்டும். அதன் பிறகு, அச்சிடுபவர் இன்னார், வெளியிடுபவர் இன்னார் என்று மாஜிஸ்திரேட் முன் எழுதிக் கொடுக்கும் டிக்ளரேஷன். அதன் பிறகு பதிவு எண். இப்போது தலைப்பும் பதிவும் ஒரே விண்ணப்பத்தில் வந்துவிட்டன. அது பத்திரிகைத் தலைமைப் பதிவாளருக்குப் போகும்போதே ஒரு படி மாவட்ட அதிகாரிக்கும் போகிறது. ஆட்சேபம் உண்டா இல்லையா என்று சொல்ல அவருக்கு 60 நாள். அதற்குள் சொல்லாவிட்டால், பதிவாளர் அவருக்காகக் காத்திராமல் முடிவெடுக்கலாம். மறுத்தால் மேல்முறையீட்டு வாரியம் இருக்கிறது. அதற்கும் 60 நாள் கெடு. இதில் ‘பொதுவாக எத்தனை நாள்’ என்று கேட்க என்ன இருக்கிறது?

பொருநைக்கரை:
ஐயா, சட்டத்தில் 60 நாள் என்பது எனக்கும் தெரியும். மாவட்ட அதிகாரியின் கையில் படி கிடைத்த பிறகுதான் அந்தக் கணக்கு ஓடும். “எங்களிடம் வரவில்லை” என்று அவர்கள் சொன்னதாக எழுதியிருக்கிறாரே, அதைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். எனக்கு அதுதான் உறுத்துகிறது.

வழக்குரை:
எதையும் யோசிக்க வேண்டாம். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி ஒரு மனு போடுங்கள். விண்ணப்பம் எந்த மேசையில், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது, கோப்பில் எழுதிய குறிப்புகளின் நகல் என்று மூன்றே கேள்விகள் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. மனு போன பிறகு கோப்பு நகராமல் இருந்ததை நான் பார்த்ததில்லை.

கோமதி:
மனுவுக்கே 30 நாள் போனால் பொங்கலுக்கு இதழ் எப்படி வரும்? மத்திய அரசின் குறைதீர் இணையதளத்தில் புகார் பதிந்தால் 21 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று 2024-இல் கெடுவைக் குறைத்திருக்கிறார்கள். மாவட்டத்தில் என்றால் திங்கள்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடமே மனு கொடுக்கலாம். கையோடு ஒப்புகைச் சீட்டும் தருவார்கள்.

தாழைமடல்:
அனைவருக்கும் நன்றி. மாத இதழ். ஆடியில் விண்ணப்பித்தேன். உரிமையாளரும் வெளியீட்டாளரும் நானே. அச்சு வெளியில். பெயரின் முடிவில் ‘மித்திரன்’ வரும். முழுப் பெயரை இப்போது பொதுவில் சொல்ல விருப்பமில்லை.

பழையஇதழ்கள்:
அப்படியானால் காரணம் பெயர்தான். ஒரே மொழியில் இந்தியாவில் எங்கே இருந்தாலும், வேறு மொழியில் என்றால் அதே மாநிலத்தில், ஒரே பெயரோ ஒத்த பெயரோ இருந்தால் கொடுக்கமாட்டார்கள். நின்றுபோன இதழின் பெயரும், பதிவு ரத்தாகும்வரை பட்டியலில் இருந்துகொண்டே இருக்கும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளிவராத இதழின் பதிவை ரத்து செய்யலாம் என்று புதிய சட்டம் சொல்கிறது. ஆனால் ரத்து செய்தால்தானே பெயர் விடுபடும்? ‘மித்திரன்’ என்று முடியும் தலைப்புகள் தமிழில் எத்தனை வந்திருக்கின்றன! சுதேசமித்திரன் முதற்கொண்டு எண்ணிப் பாருங்கள். மாற்றுப் பெயர்களையும் எழுதிக் கொடுத்தீர்களா?

அந்தக் காலத்தில் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. 1878-இல் முத்துசாமி ஐயர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனதை ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் தாக்கி எழுதின. பதில் சொல்ல நம்மிடம் ஒரு பத்திரிகை இல்லையே என்று ஜி. சுப்பிரமணிய ஐயரும் வீரராகவாச்சாரியாரும் சட்ட மாணவர்கள் நால்வரும் சேர்ந்தார்கள். ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, தங்கசாலைத் தெருவில் இருந்த அச்சகத்தில் 80 பிரதிகள் அடித்து, செப்டம்பர் 20-ஆம் தேதி ‘தி இந்து’வை வெளியிட்டுவிட்டார்கள். இன்று ஒரு மாத இதழுக்கு ஆடியிலிருந்து காத்திருக்க வேண்டியிருக்கிறது.

ஈயஎழுத்து:
வரலாற்றைப் பாதி சொல்லக் கூடாது. 1878-இலும் சட்டம் இருந்தது. 1867 சட்டப்படி மாஜிஸ்திரேட் முன் அச்சிடுபவரும் வெளியிடுபவரும் டிக்ளரேஷன் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பிரதியிலும் அவர்கள் பெயரும் இடமும் இருக்க வேண்டும். நாடு முழுவதுக்கும் ஒரே பதிவாளர், ஒரே தலைப்புப் பட்டியல் என்ற ஏற்பாடுதான் அப்போது இல்லை. பதிவாளர் அலுவலகம் 1956 ஜூலையில் வந்தது. அதுவும் பத்திரிகைக் கமிஷன் பரிந்துரைத்து வந்தது. யாரையும் வதைக்க வந்ததல்ல. பெயர்ப் பட்டியல் இல்லாவிட்டால் நாளைக்கே உங்கள் இதழின் பெயரில் இன்னொருவர் விளம்பரம் வாங்குவார்.

பழையஇதழ்கள்:
பட்டியல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தொடங்குவது எளிதாக இருந்ததால்தான் தமிழில் அத்தனை இதழ்கள் வந்தன என்கிறேன். அதே சுப்பிரமணிய ஐயர் 1882-இல் சுதேசமித்திரனை வார இதழாகத் தொடங்கினார். 1889-இல் அது நாளிதழ் ஆனது. 1904-இல் பாரதியார் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். இன்றைய காத்திருப்பு அன்றே இருந்திருந்தால் இவற்றில் எத்தனை நடந்திருக்கும்?

ஈயஎழுத்து:
1889-இல் நாளிதழ் ஆனது ‘தி இந்து’. வார இதழாகத் தொடங்கி, 1883-இல் வாரம் மும்முறையாகி, அதன் பிறகு 1889 ஏப்ரலில் நாளிதழானது. சுதேசமித்திரன் நாளிதழானது அதற்குப் பிறகுதான். சுப்பிரமணிய ஐயர் 1898-இல் இந்துவை விட்டு விலகித் தமிழ் இதழிலேயே முழு மூச்சாக இறங்கினார். இரண்டையும் குழப்பாதீர்கள்.

அந்த ‘எளிமை’யின் விலையையும் எழுதுங்கள். 1908-இல் ‘இந்தியா’ வார இதழின் மீது அரசு பாய்ந்தபோது, எழுதியது பாரதியார் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அரசுப் பதிவில் பெயர் இருந்தவர் சீனிவாசன்; சிறைக்குப் போனதும் அவரே. பாரதியார் புதுச்சேரிக்குப் போய்விட்டார். அதே ஆண்டில் சுப்பிரமணிய ஐயரும் ராஜத்துரோகக் குற்றச்சாட்டில் கைதானார். 1910 சட்டம் வந்ததும், புதிதாக அச்சகம் வைப்பவரிடம் 500 முதல் 2000 ரூபாய் வரை ஜாமீன் தொகை கேட்கலாம் என்றாகிவிட்டது. அன்றைக்கு அது எத்தனை பேரால் புரட்டக்கூடிய பணம்? டிக்ளரேஷன் என்பது வெறும் கையெழுத்து அல்ல. வழக்கு வந்தால் யாரைப் பிடிப்பது என்ற பட்டியல். இன்று 60 நாள் காத்திருக்கிறோம். மறுத்தால் ஏன் என்று கேட்க இடமும் இருக்கிறது. எனக்கு இதுதான் மேல்.

பழையஇதழ்கள்:
ஆண்டைத் திருத்தியதற்கு நன்றி. மற்றதை ஏற்கமாட்டேன். 1910 சட்டத்தை 1922-இல் நீக்கினார்கள். நீக்க வைத்தது பத்திரிகைகளின் போராட்டம். காலக்கெடு தாளில் மட்டும் இருந்து, மீறிய அலுவலர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம் என்றால் அதையும் எதிர்த்துத்தான் எழுத வேண்டும். சிறு ஊரிலிருந்து வரும் மாத இதழுக்கு ஆறு மாதத் தாமதம் என்பது சாவுக்குச் சமம். சந்தாதாரர் ஒருமுறை நம்பிக்கை இழந்தால் மறுபடி வரமாட்டார்.

வழக்குரை:
அதற்குத்தான் தகவல் உரிமை மனு போடச் சொன்னேன்.

பொருநைக்கரை:
பெரியவர்கள் இருவரும் பொறுத்தருள வேண்டும், கேட்டவர் காத்திருக்கிறார். தாழைமடல், அச்சு வெளியில் என்றீர்கள் அல்லவா? அந்த அச்சகத்தார் தம் பங்குக்கு இணையத்தில் தகவல் கொடுத்தாரா? புதிய சட்டப்படி அச்சக உரிமையாளரும் பதிவாளருக்கும் மாவட்ட அதிகாரிக்கும் இணையவழித் தகவல் தர வேண்டும். முன்பு மாஜிஸ்திரேட் முன் கொடுத்த டிக்ளரேஷனே போதும் என்று சிறு அச்சகத்தார் பலர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் பகுதியில் ஆஃப்செட் அச்சகம் வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி ஒரு வருடம் இதைச் செய்யாமலே இருந்தார். அவரிடம் அச்சிட இருந்த இரண்டு இதழ்கள் அப்படியே நின்றன. பெயர் பிரச்சினை என்றால் குறை சொல்லித் திருப்பியிருப்பார்கள். உங்களுக்கு ஒன்றும் வரவில்லை என்பதால் பெயரோ காவல் விசாரணையோ காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன். நேரில் போய் அவர் கணக்கைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம்.

ஈயஎழுத்து:
இதை நானே முதலில் கேட்டிருப்பேன். வெளி அச்சகம் என்பதை அவர் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால் இத்தனை பேர் எழுத வேண்டியிருந்திராது.

கோமதி:
தாழைமடல், என்ன ஆயிற்று? நாங்களும் அச்சகம் மாற்ற இருக்கிறோம். தெரிந்தால் உதவியாக இருக்கும்.

பொருநைக்கரை:
அச்சகத்தை மாற்றினால் அந்த மாற்றத்தையும் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும், கோமதி அம்மா. பதிவில் ஓர் அச்சகம், இதழில் வேறோர் அச்சகம் என்று இருக்கக் கூடாது. புதியவரின் தகவல் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

தாழைமடல்:
அச்சகத்தார் ஏற்றவே இல்லை. மகன் பார்த்துக்கொள்வான் என்று விட்டிருக்கிறார். நேற்று எதிரே உட்கார்ந்து செய்ய வைத்தேன். இன்று மாலை விண்ணப்பம் மாவட்ட அதிகாரியிடம் இருப்பதாகக் காட்டுகிறது. பொங்கலுக்கு வராது, சந்தாதாரர்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். பொருநைக்கரை ஐயாவுக்கு மிகுந்த நன்றி.

வழக்குரை:
60 நாள் இன்றிலிருந்து. இன்றைய திரையைத் தேதியோடு அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.