மறு: ஹைப்ரிட் அன்யூட்டி – தமிழில் என்ன எழுதுவது?

குழுவினருக்கு வணக்கம்.

பாலிடெக்னிக் சிவில் மாணவர்களுக்கு நெடுஞ்சாலைப் பாடம் எழுதுகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. 'ஹைப்ரிட் அன்யூட்டி மாடல்' என்ற இடத்தில் மூன்று நாளாக நிற்கிறேன். 2016இல் வந்த முறை. சாலைச் செலவில் 40 விழுக்காட்டை வேலை நடக்க நடக்க அரசு கொடுக்கும். மீதியை ஒப்பந்தக்காரர் கடன் வாங்கிப் போடுவார். அதை வட்டியோடு 15 ஆண்டுகளில் அரசு தீர்க்கும். சுங்கச்சாவடி வசூல் அவருக்கு இல்லை, தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்கு.

'கலப்பின ஆண்டுத்தொகை' என்று கரும்பலகையில் எழுதினேன். "கலப்பினப் பசு மாதிரியா சார்?" என்றான் ஒரு மாணவன். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டான்.

———

> சுங்கச்சாவடி வசூல்

முதலில் இந்தச் 'சுங்கம்' என்ற வடசொல்லை விடுங்கள் தம்பி. அதே பொருளில் நம்மிடம் 'உல்கு' இருக்கிறது. குறள் 756இல் 'உல்கு பொருள்' வருகிறது. பெரும்பாணாற்றுப்படையில் மிளகுப் பொதி சுமந்து முதுகு தழும்பேறிய கழுதைகள் வணிகச் சாத்தோடு (வணிகர் கூட்டத்தோடு) போகின்றனவே, அந்த வழிக்குப் பெயரே 'உல்குடைப் பெருவழி'. வில்லேந்தியவர்கள் அதன் கிளை பிரியும் வழிகளைக் காக்கிறார்கள். இத்தனை தெளிவான சொல் கையில் இருக்கும்போது 'உல்குச்சாவடி' என்று எழுதத் தயக்கம் ஏன்?

———

ஐயா, உல்கும் வடமொழி 'சுல்க'த்தின் திரிபே என்பாரும் உண்டு. அந்த வழக்கு திங்களுக்குள் தீராது.

நான் சாலைப் பணியில் இருப்பவன். ஹைப்ரிட் அன்யூட்டி மாடலை சைட்டில் எல்லாரும் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஹேம்' (HAM) என்றுதான் சொல்வோம். 'ஆண்டுத்தொகை' பொருளிலேயே பிழை. பணம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும், மொத்தம் 30 தவணை. முன்பு சுங்க வசூலை நம்பி எடுத்த சாலைகள் பலவற்றில் நினைத்த அளவு வண்டி ஓடவில்லை. வங்கிக் கடன் கட்ட முடியாமல் வேலை பாதியில் நின்றது. வண்டி வருமா வராதா என்ற கவலையை ஒப்பந்தக்காரர் தலையிலிருந்து இறக்கத்தான் இந்த ஏற்பாடு. அரசு பங்கு போடுகிறது, மீதியைத் தவணையில் கட்டுகிறது. 'பங்கு தவணை முறை' என்று எழுதுங்கள். பைக் வாங்கியவனுக்கெல்லாம் தவணை தெரியும்.

———

'பங்குத் தவணை' என்று ஒற்று மிக வேண்டாமா? அப்புறம், பங்கு என்றதும் பையன்கள் பங்குச்சந்தைக்குப் போய்விடுவார்களே.

———

ஒற்று மிகாது அம்மா. பங்கும் தவணையும் என விரியும் உம்மைத்தொகை, 'இரவு பகல்' போல. ஒற்றுப் போட்டால் பங்கினது தவணை என்று பொருள் மாறிவிடும். பங்குச்சந்தைக் குழப்பம் வரும் என்பது உண்மை. அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

———

சரி, 'பங்கு தவணை முறை' என்கிறீர்கள். அதையே எழுதி, பக்கத்தில் 'ஹேம்' என்றும் போடுகிறேன். மாணவர்கள் வேலைக்குப் போகும் இடத்தில் காதில் விழப்போவது அதுதான்.

———

பங்கு தவணைக்கு எனக்கும் தடையில்லை. இலக்கணம் சரியாக இருக்கிறது. சுங்கச்சாவடிக்கு மட்டும் என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்.