கார் கூடாரத்துக்குள்ள மழை பெய்யுது, ஆராவது சொல்லுங்கோ

கனடாவில மொன்றியலுக்குப் பக்கத்தில லவால்ல இருக்கிறம். நவம்பர் தொடக்கத்தில ட்ரைவ்வேயில 11க்கு 20 அடி துணிக் கராஜ் ஒண்டு அடிச்சனாங்கள், இரும்புப் பைப் ஃப்ரேம், மேல வெள்ளை பாலித்தீன் துணி, முன்னுக்கு ஸிப் (zip) வச்ச கதவு. உள்ள காரும் பின்னுக்கு சம்மர் டயரும் மனுசியின்ர சாமான் பெட்டியளும்.

இரவு மைனஸ் 10க்குப் போனா விடிய உள்பக்கத் துணி முழுக்க உறைபனி, 10 மணிக்கு வெயில் பட்டவுடன உருகிச் சொட்டுது, மேல் பெட்டி கையில எடுக்கவே பிஞ்சு வருது. ஓட்டை இல்லை, குளிருக்கு முதலே ஹோஸால அடிச்சுப் பாத்திட்டன். சினோவோட (வெண்பனியோட) கார் உள்ள வாறதாலதான் ஈரம் எண்டு விளங்குது, அதுக்காக காரை வெளியில விட்டா பிறகு கூடாரம் என்னத்துக்கு.

கதவைப் பாதி திறந்து விட்டன், ஒவ்வொரு காலிலயும் 20 கிலோ மண்மூட்டை கட்டியும் காத்து ஃப்ரேமைத் தூக்கப் பாத்தது. ஈரம் உறிஞ்சிற டப்பா 4 வச்சன், ஒண்டுக்கும் உதவேல்லை. பெட்டியளைப் பலகையில ஏத்தினாலும் தண்ணி மேலயிருந்தெல்லோ வருது. ஹீட்டர் வைக்கமாட்டன், துணி பத்தினா காரும் போயிடும்.

முகட்டுக்குக் கீழ முன்னும் பின்னும் காத்து ஓட்டை வெட்டின ஆக்கள் இருந்தா, எவ்வளவு பெரிசா வெட்டினா துணி கிழியாம நிக்கும்?